சக்கரத்தடியில் வைத்த கல்

சென்ற வருஷம் மார்கழியில் ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தோம். கார் என் மைத்துனருடையது. ஓட்டியவர் அந்த மலைப் பாதையில் இருபது வருஷமாக ஏறி இறங்கிப் பழகியவர். தம் பெண்ணுக்கு வரன் பார்த்த கதையை வெகு சுவாரஸ்யமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு கொண்டை ஊசி வளைவில் கதை சட்டென்று நின்றது.

"என்னப்பா?" என்றேன்.

"பிரேக்கு கல்லாட்டம் இருக்குதுங்க ஐயா" என்றார்.

குரலை உயர்த்தவில்லை. கியரைக் குறைத்தார், இன்னும் குறைத்தார். ஆசனத்திலிருந்து ஏறக்குறைய எழுந்து நின்று வலது காலால் மிதித்தார். இடது கை, ஹாண்ட் பிரேக்கைக் கொஞ்சங் கொஞ்சமாக இழுத்தது. கார் மலைப் பக்கத்து மண்மேட்டில் மூக்கை உரசிக்கொண்டு நின்றது. உடனே அவர் கீழே இறங்கி, கைக்கு அகப்பட்ட இரண்டு பெரிய கற்களைத் தூக்கி வந்து சக்கரத்தடியில் வைத்தார். அதற்குப் பிறகுதான் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

சேலத்து மெக்கானிக் பானெட்டைத் திறந்து, ஒரு முழ நீள ரப்பர் குழாயைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். அதில் நகக்கீறல்போல ஒரு வெடிப்பு.

"பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். இந்த ஹோஸ் வெடிச்சதால பூஸ்டருக்கு வாக்குவம் போகல. பூஸ்டர் இல்லாம வெறும் காலால மிதிச்சா எப்படி சார் பிடிக்கும்?"

புதுக் குழாய்க்கு ஆன செலவு, நாலு பேர் சுமாரான ஓட்டலில் டிபன் சாப்பிடும் பணம். பழைய குழாயை நான் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். அது இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. வீட்டில் அதைக் குப்பை என்று இரண்டு தடவை எறியப் பார்த்தார்கள்.

அந்தக் குழாய்தான் என்னைச் சரித்திரம் படிக்க வைத்தது. முதலில் பூஸ்டர் என்பது என்ன என்று தெரிந்துகொண்டேன். வட்டமான தகரப் பாத்திரம்; நடுவில் ரப்பர் திரை. எஞ்சின் ஓடும்போது இந்தப் பாத்திரத்திலுள்ள காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. பிரேக்கை மிதித்தவுடன் திரையின் ஒரு பக்கம் மட்டும் வெளிக்காற்று புகுந்து அதைத் தள்ளுகிறது. நம் காலின் பலத்தோடு ஆகாயத்தின் பலமும் சேர்ந்துகொள்கிறது. ஆகவேதான் வளையல் அணிந்த மெல்லிய கையுடைய பெண்மணிகூட ஒன்றரை டன் காரைச் சுண்டுவிரலால் நிறுத்துவதுபோல நிறுத்திவிடுகிறாள். உறிஞ்சுவது நின்றுபோனால் அந்த உபகாரமும் நின்றுவிடும். மிஞ்சுவது நம் கால் ஒன்றுதான்.

இது ஏதோ என் மைத்துனர் கார் ஒன்றுக்கு வந்த கஷ்டம் என்று எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்புக்கென்றே ஒரு சர்க்கார் இலாகா இருக்கிறது. 2018 நவம்பரில் அந்த இலாகா, ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் பெரிய வண்டிகளைப் பற்றி ஒரு விசாரணை தொடங்கிற்று. பிரேக் மிதி திடீரென்று கடினமாகிறது, வண்டி நிற்க வெகு தூரம் பிடிக்கிறது என்று 111 புகார்கள் வந்திருந்தன. 9 மோதல்கள்; 2 பேருக்குக் காயம். காற்றை உறிஞ்சும் பம்பு நாளடைவில் பலம் இழந்துவிடுகிறது என்று தெரிந்தது. 2019 செப்டம்பரில் கம்பெனி 34 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் திருத்தித் தருவதற்காகத் திரும்ப அழைத்தது. அதற்குள் கணக்கு 113 மோதல், 13 பேருக்குக் காயம் என்று வளர்ந்திருந்தது.

இந்தச் செய்தியில் எனக்கு வியப்பாக இருந்தது எண்ணிக்கை அல்ல. யாரும் இறந்ததாகக் கணக்கில் இல்லை; இருந்தும் ஒரு சர்க்கார் கேள்வி கேட்டது, ஒரு பெரிய கம்பெனி பதில் சொல்ல வேண்டியிருந்தது. சர்க்கார் கேட்டால் கம்பெனி பதில் சொல்லத்தான் வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். இதே காற்றுப் பிரேக்கைப் பற்றி ஒரு சர்க்கார் 12 வருஷம் கேட்டுக்கொண்டே இருந்த கதையைச் சொல்கிறேன். அப்போது கார் கிடையாது, ரயில்தான்.

ரயில் வந்த புதிதில் பிரேக் என்றால் எஞ்சினில் ஒன்று, கார்டு வண்டியில் ஒன்று. இரண்டும் கையால் திருகுவது. டிரைவர் விசில் ஊதினால் கார்டு திருக வேண்டும். வண்டிகள் நீண்டு, வேகமும் கூடியபின் இது போதவில்லை. எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே குழாய் ஓட்டி, டிரைவரே எல்லாச் சக்கரங்களையும் பிடிக்கச் செய்யும் முறைகள் தோன்றின. அவற்றில் ஒன்று ஸ்மித் என்பவரின் வாக்குவம் பிரேக். டிரைவர் வண்டியை நிறுத்த விரும்பும்போது குழாயிலுள்ள காற்றை உறிஞ்சுவார். உடனே ஒவ்வொரு பெட்டியின் கீழும் பிரேக் கட்டைகள் சக்கரத்தைக் கவ்வும். எளிமையானது, மலிவானது. குழாய் முழுசாக இருக்கிறவரையில் நன்றாகவே வேலை செய்தது.

குழாய் அறுந்தால்? உறிஞ்ச முடியாது. பிரேக் இல்லை. ரயில் இரண்டாகப் பிரிந்துபோவதுபோன்ற ஆபத்து வேளையில்தான் குழாய் அறுபடும் என்பதை நினைத்துப் பாருங்கள். குடையைக் கொடுத்துவிட்டு, மழை பெய்தால் மட்டும் பிடுங்கிக்கொள்வதுபோன்ற ஏற்பாடு.

இதைத் தலைகீழாக்கினார்கள் வேறு சிலர். அமெரிக்கரான வெஸ்டிங்ஹவுஸ் 1872-ல் இந்த வழியில் போனார். அவர் உபயோகித்தது அழுத்தப்பட்ட காற்று. அந்தக் காற்று குழாயில் நிரம்பி இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். குழாய் எங்கே அறுந்தாலும் எல்லாப் பெட்டிகளும் தாமே பிரேக் போட்டுக்கொள்ளும். வாக்குவம் பிரேக்கிலும் இதே தந்திரத்தைச் செய்ய முடிந்தது. அதற்கு 'தானியங்கி' என்று பெயர். நம் ஊர் ரயில்களில் நெடுங்காலம் ஓடியது இந்தத் தானியங்கி வாக்குவம் பிரேக்தான். அபாயச் சங்கிலியை இழுத்தால், மேலே ஒரு வால்வு திறந்து 'உஸ்' என்று காற்று குழாய்க்குள் போகும். வண்டி தானே தயங்கி நிற்கும். சிறு வயதில், சங்கிலியை இழுத்தால் எஞ்சினில் மணி அடிக்கும், டிரைவர் கேட்டு நிறுத்துவார் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

1875-ல் இங்கிலாந்தில் நியூவார்க் என்ற இடத்துக்கு அருகில் பல கம்பெனிகளின் பிரேக்குகளையும் ஓட்டிப் பார்த்துச் சோதித்தார்கள். தானியங்கி காற்றுப் பிரேக் எது என்பதும், அது என்ன செய்யும் என்பதும் அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 1877-ல் வர்த்தக போர்டு, அதாவது ரயில்களை மேற்பார்வையிடும் சர்க்கார் இலாகா, எல்லா ரயில் கம்பெனிகளுக்கும் ஒரு கடிதம் எழுதிற்று. பிரேக் இன்னின்ன மாதிரி இருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் தானே பிடித்துக்கொள்வதாக இருக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. 'வேண்டும்' என்றால் வேண்டுகோள்தான். கட்டாயப்படுத்த போர்டுக்கு அதிகாரம் இல்லை. மறு வருஷம் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, யார் யார் எந்தப் பிரேக் வைத்திருக்கிறார்கள் என்று கம்பெனிகள் கணக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். கம்பெனிகள் ஒழுங்காகக் கணக்கு அனுப்பின.

கம்பெனிக்காரர்கள் எல்லாரையும் கொடியவர்கள் என்று சொல்லிவிட நான் தயாராக இல்லை. தானியங்கிப் பிரேக் சின்னக் கோளாறு வந்தாலும் வண்டியை நடுவழியில் நிறுத்திவிடும், பிரயாணிகள் திட்டுவார்கள், செலவும் அதிகம் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 1884 ஜூலை 16-ஆம் தேதி பெனிஸ்டோனுக்கு அருகே ஓர் எக்ஸ்பிரஸ் எஞ்சினின் அச்சு முறிந்தது. எஞ்சின் முன்னே போய்விட, பெட்டிகள் பிரிந்து, பிரேக்கும் இல்லாமல் கரையிலிருந்து உருண்டன. 24 பேர் மாண்டார்கள். அந்த வண்டியில் இருந்தது ஸ்மித்தின் சாதா வாக்குவம் பிரேக். விசாரணை நடந்தது, சிபாரிசும் எழுதப்பட்டது. எழுதினவர்கள் கை வலித்ததுதான் மிச்சம்.

இனி ஆர்மாவுக்குப் போகலாம். அயர்லாந்தின் வடபகுதியில், இரண்டு பெரிய தேவாலயங்கள் உள்ள சின்ன நகரம் அது. 1889 ஜூன் 12-ஆம் தேதி, புதன்கிழமை. மெதடிஸ்டு சபையின் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக் குழந்தைகளை வருஷத்துக்கு ஒரு தடவை கடற்கரைக்கு அழைத்துப் போவது வழக்கம். போகிற இடம் வாரன்பாயிண்ட்; சுமார் 24 மைல். குழந்தைகள் வாத்திய கோஷ்டியுடன் ஊர்வலமாக ஸ்டேஷனுக்கு வந்தார்கள். கூடவே பெற்றோர், உற்றார், உறவினர். 800 பேர் வருவார்கள் என்று கணக்கு. சுமார் 940 பேர் வந்துவிட்டார்கள். நம் ஊர்த் திருவிழா வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இராது. 13 வண்டிகளோடு புறப்பட வேண்டிய ரயில் 15 வண்டிகளாக நீண்டது.

டிரைவர் மக்ராத் வெளியூரிலிருந்து எஞ்சின் கொண்டு வந்தவர். ஆர்மாவை விட்டதும் சுமார் 3 மைல் ஏற்றம். அதன் கடினமான பகுதியில் 75 அடிக்கு ஓர் அடி உயரும். அந்த ஏற்றத்தில் அவருக்கு அதிகப் பழக்கமில்லை. 15 பெட்டி என்றதும் ஆட்சேபித்தார். ஸ்டேஷன் மாஸ்டர் இடக்காக ஏதோ சொன்னார். இங்கே வருகிற டிரைவர்கள் ஒருவரும் இப்படி முணுமுணுப்பதில்லை என்கிற தோரணையில். வார்த்தை தடித்தது. வண்டிக்குப் பொறுப்பாக வந்திருந்த குமாஸ்தா ஜேம்ஸ் எலியட், பின்னால் வரப்போகும் பாசஞ்சர் வண்டியின் எஞ்சினைக் கொண்டு தள்ளச் சொல்லலாமா என்று கேட்டார். மக்ராத் வேண்டாம் என்றுவிட்டார். ரோஷம்! ஐந்து நிமிஷத்துக்கு முன் கேட்டிருந்தால் சந்தோஷமாக ஒப்புக்கொண்டிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நாவலில் இப்படி எழுதினால், இவ்வளவு அற்பக் காரணமா என்று விமரிசகர்கள் கேட்பார்கள்.

டிக்கெட்டுகளைப் பரிசோதித்துவிட்டுப் பெட்டிகளின் கதவுகளைப் பூட்டினார்கள். அக்கால வழக்கம் அது. 10 மணி அடித்துக் கால் மணிக்கு வண்டி புறப்பட்டது.

ஏற்றத்தின் உச்சிக்கு இன்னும் 200 கஜம் இருக்கும்போது எஞ்சினுக்கு மூச்சுத் திணறி வண்டி நின்றுவிட்டது. பின்னால் பாசஞ்சர் வண்டி வந்துகொண்டிருந்தது. முன்வண்டி அடுத்த ஸ்டேஷனைக் கடந்துவிட்டதா என்று தந்தி மூலம் கேட்டுக்கொண்டு அடுத்த வண்டியை விடும் முறை அந்தப் பாதையில் இல்லை. இத்தனை நிமிஷம் கழித்துப் புறப்படலாம் என்று கடிகாரத்தைப் பார்த்து விடுவதுதான். பின்பக்கம் ஓர் ஆளைச் சிவப்புக் கொடியுடன் ஓட்டிவிட்டுச் சும்மா இருந்திருந்தால், பாசஞ்சர் எஞ்சினே மெதுவாக வந்து தள்ளிவிட்டிருக்கும். எலியட்டுக்கு அந்தப் பொறுமை இல்லை. முன்னால் உள்ள 5 வண்டிகளை மட்டும் கழற்றி உச்சிக்கு அப்பால் உள்ள ஸ்டேஷனில் விட்டுவிட்டு, திரும்பி வந்து மற்ற 10-ஐயும் கொண்டு போவது என்று தீர்மானித்தார்.

கழற்றும்போது என்ன ஆகும்? இதற்குள் வாசகர்களுக்கே தெரிந்திருக்கும். ஐந்தாவது வண்டிக்கும் ஆறாவது வண்டிக்கும் நடுவே இருந்த ரப்பர் குழாயைப் பிரித்தார்கள். அந்த விநாடியில், பின்னால் நின்ற 10 வண்டிகளுக்கும் காற்றுப் பிரேக் இல்லாமல் போயிற்று. அவற்றில் 600 பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். அத்தனை பேரையும் மலைச்சரிவில் பிடித்து வைத்திருந்தது, கடைசி வண்டியில் கார்டு திருகி வைத்த ஒரே ஒரு கைப்பிரேக். அதற்குத் துணையாகச் சக்கரங்களுக்கு அடியில் தண்டவாளத்துச் சரளைக் கற்களை வைத்தார்கள்.

நான் ஏற்காட்டில் பார்த்த அதே காரியம்.

மக்ராத் எஞ்சினைக் கிளப்பினார். கிளம்பும் எஞ்சின் முன்னே இழுபடுவதற்குமுன் ஒரு சாண், ஒன்றரைச் சாண் பின்னே நகருமல்லவா? அவ்வளவுதான் நகர்ந்தது. பின்னால் நின்ற பெட்டிகளை அது தொட்டது. சக்கரத்தடியில் இருந்த கல் பொடியாயிற்று. 10 வண்டிகளும் மெதுவாக, மனிதன் நடக்கும் வேகத்தில், பின்னோக்கி உருள ஆரம்பித்தன. எலியட்டும் மற்றவர்களும் கூடவே ஓடி ஓடிக் கற்களைப் பொறுக்கிச் சக்கரத்தின் கீழே போட்டார்கள். கற்கள் நொறுங்கிக்கொண்டே வந்தன. கடைசி வண்டியில் கைப்பிரேக்கை இன்னும் இறுக்கப் பார்த்தார்கள். அது மேலே திருகவில்லை. எஞ்சின் பின்னாலேயே துரத்தி வந்து பெட்டிகளை மறுபடி கோக்கவும் முயன்றார்கள். முடியவில்லை. வேகம் கூடிவிட்டது.

உள்ளே இருந்தவர்களுக்கு முதலில் புரியவில்லை. வெளியே ஓடுகிறவர்களைக் கண்டு குழந்தைகள் சிரித்தும் இருக்கலாம். புரிந்தபோது கதவுகள் பூட்டியிருந்தன. ஜன்னல் வழியே குதித்தவர்கள் சிலர் பிழைத்தார்கள்.

எதிரே பாசஞ்சர் வண்டி ஏறி வந்துகொண்டிருந்தது. அதன் டிரைவர், சுமார் 500 கஜத்துக்கு அப்பால், ஒரு ரயில் எஞ்சின் இல்லாமல் தம்மை நோக்கி இறங்கி வருவதைக் கண்டார். தம் வண்டியை ஆள் நடக்கும் வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அதற்குமேல் அவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஒன்றரை மைல் உருண்டு வந்த பெட்டிகள், மணிக்கு 40 மைல் வேகத்தில் அந்த எஞ்சினில் மோதின. கடைசி மூன்று வண்டிகள் சிதறி, உயரமான கரையின் இரு பக்கமும் சுள்ளிகளாக விழுந்தன. எஞ்சின் கவிழ்ந்தது. பாசஞ்சர் வண்டியும் பிரிந்து, குழாய் அறுந்து, பிரேக் இல்லாமல் ஆர்மாவை நோக்கிப் பின்னே உருளத் தொடங்கிற்று! அதிலிருந்தவர்கள் கைப்பிரேக்குகளைத் திருகி எப்படியோ நிறுத்தினார்கள். ஒரே காலையில், ஒரே பாதையில், ஒரே குறை இரண்டு தடவை.

80 பேர் இறந்தார்கள். சுமார் 260 பேருக்குக் காயம். இவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குழந்தைகள். அந்த நூற்றாண்டில் ஐரோப்பாவில் அதுவரை இவ்வளவு பேர் மாண்ட ரயில் விபத்துகள் வெகு சொற்பம்.

வர்த்தக போர்டின் இன்ஸ்பெக்டர் மேஜர் ஜெனரல் ஹட்சின்ஸன் விசாரணைக்கு வந்தார். சாட்சிகளைக் கேட்டதோடு நிற்கவில்லை. அதே ஏற்றத்தில் பெட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, கைப்பிரேக் எவ்வளவு தாங்கும், எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்று சோதனை செய்து பார்த்தார். எலியட்டின் தீர்மானத்தைத்தான் முதன்மையான குற்றமாகச் சொன்னார். கூடவே, தானியங்கிப் பிரேக் இருந்திருந்தால் இந்த விபத்து நேர்ந்தே இராது என்றும் எழுதினார். அவருடைய இலாகா 12 வருஷமாக எழுதி வந்த வாக்கியம்தான் அது. இந்தத் தடவை அதற்குப் பக்கத்தில் 80 சவப்பெட்டிகள் இருந்தன.

வர்த்தக போர்டின் தலைவரான மந்திரி ஹிக்ஸ் பீச் மசோதா கொண்டுவந்தார். ஆகஸ்டு 30-ஆம் தேதி அது சட்டமாயிற்று. பிரயாணி ரயில்கள் அனைத்திலும் தானியங்கித் தொடர் பிரேக் கட்டாயம். ஒரு பகுதியில் ஒரு வண்டி இருக்கும்போது இன்னொன்றை விடக் கூடாது. கைகாட்டியும் தண்டவாள முள்ளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட வேண்டும். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்: விபத்து நடந்த நாளிலிருந்து 79-வது நாள். 12 வருஷம் முடியாதென்று சொன்ன காரியம்!

எலியட்டை டப்ளினில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்கள். ஆகஸ்டில் நடந்த வழக்கில் ஜூரிகள் ஒருமனப்படவில்லை. அக்டோபரில் மறுபடி விசாரித்து விடுதலை செய்தார்கள். நான் ஜூரியாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அவர் அவசரப்பட்டார், பிசகு செய்தார், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குழாயைக் கழற்றினால் பிரேக் போய்விடும் என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சர்க்காருக்குக் கணக்கு எழுதிக் கையெழுத்திட்டவர் அவர் அல்ல.

காரின் விஷயம் கொஞ்சம் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். காற்று போனால் தானே பிடித்துக்கொள்ளும் பிரேக் இன்று லாரிகளிலும் பஸ்களிலும் உண்டு. நின்ற பஸ்ஸிலிருந்து கேட்கும் 'புஸ்' சத்தம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். காரில் அது இல்லை. அதன் பூஸ்டர் போனால் கார் தானே நிற்காது. மிதி கல்லாகும், அவ்வளவுதான். போகிற காரைச் சட்டென்று நிறுத்திவிட்டால் பின்னால் வருகிறவன் மோதுவான் என்று எஞ்சினீயர்கள் சொல்கிறார்கள். நியாயம்தான் என்று தோன்றுகிறது. ஆனாலும் மலையில் இறங்கும்போது என் கண் இப்போதெல்லாம் டிரைவரின் வலது காலை விட்டு நகருவதில்லை.

ஆர்மாவில் 'மால்' என்ற பசும்புல் மைதானம் ஒன்று உண்டு. விபத்து நடந்து 125 வருஷம் கழித்து, 2014-ல், அங்கே ஒரு சிலை வைத்தார்கள். மந்திரி சிலையோ இன்ஸ்பெக்டர் சிலையோ அல்ல. ஒரு சின்னப் பெண். கடற்கரை மணலில் விளையாடுவதற்காகக் கையில் ஒரு வாளியும், மண்வாரியும் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஆர்மாவுக்கு இப்போது ரயில் கிடையாது, 1957-லேயே எடுத்துவிட்டார்கள்.